அம்மாவின் அரைமணிக் கட்டங்கள்

ஆகஸ்ட் 14, 2024

சிங்கப்பூரில் உடற்கல்விப் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. ஈசூனில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, பூன் லேயில் 179ஆம் எண் பஸ் பிடித்தால் வளாகம். ஒன்றரை மணி நேரம், அதில் பாதி தூக்கம்.

பெரியப்பா நேற்று மறுபடியும் ஆரம்பித்தார். "விளையாடறதுக்கு ஒரு டிகிரியா?" நானும் வழக்கமான பதிலையே எடுத்துவிட்டேன்: "உங்க குணாளன் அதைத்தானே சொல்லிக்கொடுத்தாரு?" 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய சிங்கப்பூர் ஓட்டக்காரர். 2001ல் இன்னொரு சிங்கப்பூர் ஓட்டக்காரர் ஷியாம் 10.37 ஓடும்வரை, 33 வருஷம் அந்தத் தேசியச் சாதனையை யாரும் அசைக்கவில்லை. பிறகு உடற்கல்வி ஆசிரியராகப் போகிறவர்களுக்கே பாடம் நடத்தினார். 1984ல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரிதான் 1991ல் தேசியக் கல்விக் கழகத்தோடு சேர்ந்தது, அந்த வழியில் வந்தவள் நான் என்று பீற்றிக்கொண்டேன்.

"நீ 100 மீட்டர் எவ்வளவுல ஓடுவே?" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆகஸ்ட் 29

ஆய்வுக்கூடம். முகத்தில் முகமூடி, மார்பில் பட்டை, கால்கீழே டிரெட்மில். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடுகிறது. உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று இயந்திரம் மூச்சை அளக்கிறது. கடைசியில் வாந்தி வராத குறை. எனக்கு 46, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதே கணக்கில் 3.5 போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பர் 12

பொழுதுபோக்குப் பாடத்துக்கு ஒப்படைப்பு. வீட்டில் ஒருவருடைய ஏழு நாளை அரைமணிக் கட்டங்களாகப் பிரித்து, வேலை, பயணம், வீட்டுவேலை, ஓய்வுநேரம் என்ற நான்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அம்மாவைத் தவிர யார் சிக்குவார்? தொடக்கப்பள்ளி உணவகத்தில் சொந்தக்காரர் கடையில் உதவிக்கு நிற்கிறார். காலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுவார்.

"எனக்கெதுக்குடி இதெல்லாம்?" என்றார். ஆனாலும் பழைய பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் நடைச் சவாலில் எப்போதோ வாங்கிய, நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டையையும் அலமாரியிலிருந்து தேடி எடுத்தேன்.

செப்டம்பர் 18

மூன்று நாளாக அம்மா தினமும் 14,000 அடிக்குக் குறையவில்லை. நேற்று எனக்கு 9,000. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வீட்டுல விளையாட்டு வீராங்கனை யாருன்னு பாரு." சொல்லிவிட்டு இரத்த அழுத்த மாத்திரையை விழுங்கினார்.

செப்டம்பர் 23

நேற்றோடு ஏழு நாள் முடிந்தது. இன்று புத்தகத்தைப் படித்தேன். "கடை. கடை. கடை. பஸ். துணி. சமையல்." ஞாயிறு மாலை மூன்று கட்டங்களில் மட்டும், லிட்டில் இந்தியாவில் இருக்கும் சந்தையின் பெயரோடு, "தேக்கா. சும்மா."

"சும்மான்னா என்னம்மா பண்ணே?"

"சும்மான்னா சும்மாதான்."

"காய் வாங்கினியா?"

"அது முன்னாடியே முடிஞ்சுது. ஊர்க்காரம்மாவோட தே ஹாலியா குடிச்சேன். அவங்களும் சும்மா இருந்தாங்க." தே ஹாலியா என்றால் இஞ்சி டீ.

வாரத்தில் ஒன்றரை மணி நேரம். ஓய்வுநேரம் என்று என்னால் குறிக்க முடிந்தது அவ்வளவுதான். இந்தச் சொல்லை ஆங்கில அறிக்கையில் எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் அப்படியே எழுதி, பக்கத்தில் அரைப் பக்க விளக்கம் வைத்தேன்.

செப்டம்பர் 26

இன்றைய விரிவுரையில் அம்மா மாட்டிக்கொண்டார். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அம்மாவின் உழைப்பு அதைத் தாண்டி எங்கோ போகிறது. ஆனால் வேலையில் நடப்பது, நாமாக ஓய்வுநேரத்தில் நடக்கும் நடையைப் போல இதயத்தைக் காப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றனவாம். முதலில் எரிச்சலாக வந்தது. அம்மாவின் நடை மட்டும் மட்டச் சரக்கா?

காரணங்களைக் கேட்டபோது கோபம் வேறு பக்கம் திரும்பியது. மணிக்கணக்கில் நிற்பது, பாரம் தூக்குவது, இதயத்துக்குப் பயிற்சியாகும் அளவுக்கு வேகமில்லை, ஆனால் துடிப்பு நாள்முழுக்க ஏறியே இருக்கிறது, நினைத்த நேரத்தில் உட்கார முடியாது. எங்கள் ஓட்டப் பயிற்சியில் ஒரு 400 மீட்டர் முடிந்தால் நாலு நிமிடம் நிற்கச் சொல்வார்கள். உடம்பு தேறுவது அந்த நாலு நிமிடத்தில். அம்மாவுக்கு அந்த நாலு நிமிடத்தை யாரும் கொடுக்கவில்லை. கடையில் ஒரு முக்காலி கூட இல்லை என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

அக்டோபர் 9

நான் நடத்திய பயிற்சிப் பாடம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. 1999 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் வந்த முறைப்படி முதலில் ஆட்டம், பிறகு நுட்பம். கயிறு கட்டி, மூன்று பேருக்கு மூன்று பேர், பந்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். பத்து நிமிடம் ஆடவிட்டு நிறுத்தி, "எதிர்ப்பக்கம் எங்கே காலியாக இருந்தது?" என்று கேட்டேன். மூலையைக் காட்டியது, ஓட்டத்தில் எப்போதும் கடைசியில் வரும் பையன்.

வீட்டில் பாடத்திட்டப் படத்தைப் பார்த்த அம்மா, "இது எங்க எறிபந்துல்ல?" என்றார். மன்னார்குடியில் பள்ளி அணியில் ஆடினாராம். இருபத்தொரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

"அப்புறம் ஏன் விட்டே?"

"நான் எங்க விட்டேன்? பந்து பள்ளிக்கூடத்தோடது."

அக்டோபர் 27

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தேக்காவில் நிற்க இடமில்லை. உணவங்காடியில் அம்மாவும் ஊர்க்காரம்மாவும் எப்படியோ ஒரு மேசை பிடித்துவிட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். உட்கார்ந்ததும் அம்மா கைப்பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"ஏம்மா?"

"இதையும் அது எண்ணிக்கிட்டு இருக்கணுமா?"

மூன்று தே ஹாலியா சொன்னோம்.