நன்றியுரைக்கு ஆறு வாரம்

பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் நடக்கும் ப்ரீ-சப்மிஷன் செமினார் முடிந்த அன்றே கைடு சொன்னார்: "நன்றியுரையைக் கடைசி ராத்திரி எழுதாதேம்மா. யாராவது ஒருத்தர் விட்டுப்போவார். அது ஆயுசுக்கும் உறுத்தும்." அவர் பேச்சைக் கேட்டேன். ஆறு வாரம் பிடித்தது.

அரசு வேலைக்காக டெல்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றியது என் ஆய்வு. 1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்த பிறகு கிளார்க்குகளாகவும் ஸ்டெனோக்களாகவும் வந்தவர்கள், அவர்கள் வழியில் அடுத்தடுத்து வந்தவர்கள். கரோல் பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அதனால் முதல் வேலையாக எல்லாக் களக்குறிப்பு நோட்டுகளையும் எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, உதவிய ஒவ்வொரு பெயரையும் தனித்தாளில் எழுதினேன். 67 பேர்.

முதல் வரைவை எழுதிவிட்டு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் பழைய ஆய்வேடுகளை எடுத்து நன்றியுரைகளை மட்டும் படித்தேன். "தக்க சமயத்தில் உரிய ஆலோசனைகள் வழங்கிய" என்று நான் எழுதியிருந்த அதே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி ஆய்வேட்டில் மற்றவர்கள் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. நன்றியுரையோ அந்தச் சோதனைக்குள்ளேயே வராது. மென்பொருள் பார்க்காவிட்டால் என்ன, அந்த 67 பேர் பார்ப்பார்களே! எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "என்ன செய்தார்?" என்று எழுதிக்கொண்டு மறுபடி தொடங்கினேன்.

அப்புறம், பெயரைப் போடலாமா என்று கேட்பது. எய்ம்ஸில் ஆராய்ச்சி செய்யும் தோழிதான் இதைச் சொன்னாள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, நன்றி சொல்லப்படுகிறவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்கிறது. பெயர் இருந்தால், கட்டுரையின் முடிவுகளையும் அவர் ஏற்றுக்கொண்டதாகப் படிப்பவர்கள் நினைக்கக்கூடும் என்பதுதான் காரணம். என் துறையில் இந்தப் பழக்கம் இல்லை. இருந்தாலும் எல்லோரையும் கேட்டேன். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அதில் ஒருவர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்.

பக்கத்து அறை அக்கா சேலத்துக்காரர். எனக்கு உதவித்தொகை ஏழு மாதம் வராதபோது என் மெஸ் பில்லைக் கட்டிவிட்டு வாயே திறக்கவில்லை. ரசீதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை எழுதப்போகிறேன் என்றதும், "காசு விஷயமெல்லாம் வேண்டாம். மலை மந்திர் கூட்டிட்டுப் போனேன்ல, அதை எழுது" என்றார். அப்படியே எழுதினேன்: ஆர்.கே.புரம் மலைக்கோயில் படிகளில் என்னோடு ஏறியவர்.

கடைசியாக மாமி. 88 வயது. நான்கு மத்தியானங்கள் எனக்காக உட்கார்ந்து பேசினார். ட்ரங்க் பெட்டியிலிருந்து பழைய வீட்டுக் கணக்கு நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார். பால், கரி, டோபி, ஊருக்கு மணியார்டர் என்று வரி வரியாக எழுதி வைத்திருந்தார். என் நான்காவது அத்தியாயம் முழுக்க அந்த நோட்டுகளின் மேல்தான் நிற்கிறது.

"என் பேரா? எதுக்கு? மாமா பேரைப் போடேன். அவர்தானே ஆஃபீஸ் போனவர்."

"கணக்கு எழுதினது நீங்கதானே மாமி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பேர் சராயில் பைண்டிங் கடையில் ஐந்து பிரதி கொடுத்திருந்தேன். அன்று சாயங்காலம் மாமியிடமிருந்து போன்.

"என்ன இனிஷியல் போட்டிருக்கே?"

"மாமா இனிஷியல்தான் மாமி."

"எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்ல எங்கப்பா இனிஷியல்தான் இருக்கு. அதைப் போட முடியுமா?"

கடைக்கு ஓடினேன். ஐந்தும் தைத்து அட்டை போட்டாகிவிட்டது. கடைக்காரர் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். ஒரு பாட்டியின் பெயர், தப்பாகப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். பக்கத்துக் கடையில் அந்த ஒரு தாளை மட்டும் ஐந்து பிரதி எடுத்து வரச் சொன்னார். தையலை ஒட்டினாற்போல் பழைய தாளை பிளேடால் நறுக்கி, மிச்சமிருந்த விரலகல ஓரத்தில் பசை தடவி, புதுத் தாளை வைத்து நகத்தால் நீவிவிட்டார். ஐந்துக்கும் அப்படியே. அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஆர்.கே.புரம் போனேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ட்ரங்க் பெட்டியைத் திறக்கச் சொல்லி சர்டிபிகேட்டை வாங்கி, நன்றியுரைப் பக்கத்தின் மேல் வைத்து, இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கே," என்றார்.