பனிமய மாதா ஊரில் பிள்ளைகளோடு ஒரு கிறிஸ்துமஸ்

"கிறிஸ்துமசுக்குப் பனி கொட்டுற ஊருக்குப் போகலாம்மா" என்று மகள் நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டாள். ஆறு வயது. அவள் பார்க்கிற கார்ட்டூன்களில் கிறிஸ்துமஸ் என்றாலே பனிதான். மூன்று வயதுத் தம்பிக்கு அக்கா எது கேட்டாலும் அது தனக்கும் வேண்டும்.

அந்த வாரம்தான் கணவரின் கல்லூரி நண்பர் தூத்துக்குடியிலிருந்து பேசினார். பல வருடமாகக் கூப்பிடுகிறவர். இந்த முறை அவர் குரலில் வேறொன்று இருந்தது. "இந்த வருசம் கண்டிப்பா வாங்க. போன வருசம் எங்க வீட்ல கிறிஸ்துமசே இல்ல. அம்மா இந்தத் தடவை வீடு நிறைய ஆளு வேணும்ங்கா."

காரணம் எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கையில் நண்பர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மகளிடம், "நாம போற ஊர்ல இருக்கிற மாதா பேரே பனிமய மாதா" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

2024 டிசம்பர் 21 இரவு எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்த ரயில் ஒரு வரம். ஏறியதும் சாப்பாடு, தூக்கம், கண் விழித்தால் தூத்துக்குடி. ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்பதிவு திறக்கும் அன்றே எடுத்துவிட வேண்டும்.

வாசலில் பெரிய காகித நட்சத்திரம் தொங்கியது. நண்பரின் அம்மா சின்னவனை என் இடுப்பிலிருந்து அப்படியே வாங்கிக்கொண்டார். "பிள்ளைகளுக்குப் பசிக்கும்லா, மொதல்ல உள்ள வாங்க." அந்த நிமிடத்திலிருந்து பிள்ளைகளுக்கு அவர் ஆச்சி.

காலைப் பலகாரம் முடிந்ததும் ஆச்சி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். குடில் பொம்மைகள். வெள்ளத்தில் பெட்டியோடு ஊறிப்போனவை. மாதாவின் கணவர் சூசையப்பரின் அங்கியில் வண்ணம் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. ஓர் இடையனுக்கு முகமே இல்லை, வெறும் வெள்ளை. ஒட்டகத்துக்கு ஒரு கால் போய்விட்டது. "புதுசு வாங்கிக்கலாம்னு இவன் சொல்லுதான். இது எங்க மாமியார் வச்ச செட்டு. நான் விட மாட்டேன்" என்றார் ஆச்சி. பெட்டிக்குப் பக்கத்தில் வாட்டர் கலர் டப்பாவும் இரண்டு பிரஷ்ஷும் தயாராக இருந்தன.

அன்று பகல் முழுக்க நாங்கள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பயணம் வந்த முதல் நாளே எங்கேயும் போகாமல் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. இந்த நான்கு நாட்களில் மிக அருமையாகக் கழிந்ததும் அந்தப் பகல்தான். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி, கறுப்பும் பச்சையும் தெளித்து, பாறை செய்தோம். வைக்கோல் கூரை வேய்ந்தது என் கணவரும் நண்பரும். ஆச்சி ஒரு வாரம் முன்பே சிரட்டைகளில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்திருந்தார். விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று நின்றது. அதுதான் பெத்லகேம் புல்வெளி. சின்னவனுக்கு அதன்மேல் உள்ளங்கையை வைத்து வைத்து எடுப்பதே வேலையாகிவிட்டது.

முகமில்லாத இடையனை ஆச்சி மகளிடம் கொடுத்தார். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, தண்ணீரை எப்படி ஒற்றி எடுப்பது என்று அவள் விரலோடு தன் விரலை வைத்துக் காட்டினார். இரண்டு புள்ளி கண். மேலே இரண்டு கோடு புருவம். வாய் போடும்போது மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் இழுத்துவிட்டது. இடையன் ஒரு பக்கமாகச் சிரித்தான். "அழிச்சிட்டு மறுபடி போடவா ஆச்சி?" "எதுக்குட்டி அழிக்க? பாலன் பிறந்த சேதி கேட்டவன் சிரிக்கத்தான செய்வான்."

நண்பர் ஒன்று சொன்னார். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் குடில் அமைத்தது 1223இல். அதிலிருந்துதான் குடில் வைக்கும் வழக்கம் எங்கும் பரவியது. "அதோட 800ஆவது வருசம்தான் எங்க வீட்ல குடில் வைக்க முடியாமப் போச்சு." அதைச் சொல்லும்போது அவர் கூரையில் வைக்கோலைச் செருகிக்கொண்டே இருந்தார், எங்களைப் பார்க்கவில்லை.

எல்லாம் வைத்து முடித்த பிறகும் நடுவிலிருந்த தீவனத்தொட்டி காலியாக இருந்தது. "பாப்பா எங்க?" என்றான் சின்னவன். "பாப்பா இன்னும் பிறக்கலைலா." பாலன் இயேசுவின் சுரூபம், அதாவது சிலை, சாமி அலமாரியின் மேல்தட்டில் பஞ்சில் பொதிந்து இருந்தது. அவ்வளவு உயரத்தில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது அது ஒன்றுதான். மூன்று ராஜாக்களும் குடிலில் இல்லை. அவர்கள் தூர தேசத்திலிருந்து வர வேண்டுமே. உள் அறையில் பீரோ மேல் ஒட்டகத்தோடு நிற்கிறார்கள். தினம் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளுக்குத்தான் குடிலுக்கு வந்து சேருவார்கள். நகர்த்துகிற பொறுப்பு மகளுக்கு வந்தது. மூன்று கால் ஒட்டகத்தை எங்கெங்கே சாய்த்து வைக்கலாம் என்று வீடு முழுக்கச் சுற்றி இடம் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மணப்பாடு. தூத்துக்குடியிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். முத்தையாபுரம் தாண்டும்போதே பின் சீட்டிலிருந்து அலறல்: "அம்மா! பனி!" உப்பளம். மழைக்காலம் என்பதால் பாத்திகள் எல்லாம் ஏரிபோலத் தண்ணீர் தேங்கிக் கிடந்தன. சேர்த்து வைத்த உப்பை ஓலை வேய்ந்து மூடியிருந்தார்கள். ஒரு குவியலை மட்டும் திறந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அது கண்ணைக் கூசியது. வண்டியை ஓரம் கட்டினோம். வேலை செய்துகொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர், பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஆளுக்கொரு கைப்பிடி கொடுத்தார். சின்னவன் நேராக வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தான். மகள் உள்ளங்கையில் வைத்தபடியே நெடுநேரம் பார்த்தாள். "கரையவே இல்லம்மா" என்றாள், ஆத்தூரில் தாமிரபரணிப் பாலம் வந்தபோது.

அந்தப் பாலத்தில் நண்பர் வண்டியை மெதுவாக விட்டார். கீழே ஆறு அமைதியாகப் போனது. போன டிசம்பரில் எந்த மட்டம் வரை வந்தது என்று கையால் காட்டினார். பிறகு காயல்பட்டினம், திருச்செந்தூர். அடுத்து குலசேகரன்பட்டினம் வரும்போது என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஊர்.

மணப்பாட்டைச் சொல்லிப் புரியவைப்பது சிரமம். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மணல்மேடு, அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம். கடலில் தப்பிப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பல்காரர்கள் பாய்மரத்தில் செய்த சிலுவையை 1540இல் இங்கே நட்டார்கள் என்பது ஊர் வரலாறு. ஆலயம் 1581இல் எழுந்தது. மேட்டின் கீழே, கடலைப் பார்த்த பாறைக் குகையில் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்தார் என்கிறார்கள். அவர் இந்தக் கடற்கரைப் பகுதியான முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542இல். அந்த அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து உரோமையிலுள்ள தம் இயேசு சபைத் தலைவர் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் ஒன்று சொல்கிறார்: ஒரு செபத்தையாவது கற்றுக்கொடுக்கும்வரை இந்த ஊர்ப் பிள்ளைகள் அவரைச் செபிக்கவோ உண்ணவோ உறங்கவோ விடவில்லையாம். குகையின் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து, என் பையன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைக் கேட்டபோது, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனிதர் மிக அருகில் வந்துவிட்டார்.

வாடைக்காற்று மணலை வாரி அடித்தது. சிறு பிள்ளைகளுக்குத் தொப்பி கட்டாயம். டிசம்பரில் கடலும் சீற்றமாக இருக்கும், இறங்க விடாதீர்கள். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலை முடைவதில் பேர் பெற்றவர்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் அக்கா ஓலை நட்சத்திரம் பின்னிக்கொண்டிருந்தார். குருத்தோலையை நகத்தால் கிழித்து, நான்கு கீற்றை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து, மடித்து, இழுத்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வாங்கினோம். ஏழாவதை மகள் கையில் தானே திணித்தார். திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்காமல் வர முடியுமா? வாங்கினோம்.

24ஆம் தேதி காலையில் மக்ரூன். தூத்துக்குடி பேக்கரிகள் அன்று திருவிழாக் கடை மாதிரி. நண்பருக்குத் தெரிந்த ஒரு பேக்கரியின் பின்பக்கம் எங்களை அழைத்துப் போனார். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்புத் தூள். அவ்வளவுதான். மாவும் இல்லை, வெண்ணெயும் இல்லை. வெள்ளைக்கரு பொங்கிப் பொங்கி, பாத்திரத்தைச் சாய்த்தாலும் விழாத நுரையாகிறது. அதில் முந்திரித் தூளைக் கையாலேயே அலுங்காமல் கலக்கிறார்கள். காகிதக் கூம்பில் அள்ளி, தட்டில் ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. சின்ன வெள்ளைக் கோபுரம். வரிசை வரிசையாகப் பரந்தது. மகள் என் கையை விட்டுவிட்டு அந்தத் தட்டின் விளிம்பில் மூக்கு படுகிற மாதிரி நின்றாள். குறைந்த சூட்டில் நெடுநேரம் இருந்து வந்ததை மாஸ்டர் ஒன்று நீட்டினார். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே முந்திரி, அப்புறம் எதுவுமே இல்லை. "அம்மா, இது கரையுது!" நேற்றைய உப்பை இன்னும் அவள் மறக்கவில்லை. வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், கடற்காற்றில் சீக்கிரம் நமுத்துவிடும்.

சாயங்காலம் தெருவில் கேரல் ரவுண்ட்ஸ் வந்தது. டிரம் சத்தம், நடுவில் முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. சின்னவன் பயந்து வீறிட்டான். தாத்தா சட்டென்று டிரம்மை நிறுத்தச் சொல்லி, முகமூடியைக் கழற்றி, வேர்த்து வழிந்த முகத்தோடு திண்ணையில் உட்கார்ந்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன். "தம்பி, அண்ணந்தான். இங்க பாரு." மிட்டாயைக் கையில் வாங்கும்வரை அந்தக் கூட்டமே பொறுமையாகக் காத்து நின்றது. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

இரவு பத்தரைக்குப் பனிமய மாதா பேராலயம். பிள்ளைகளை மதியமே இரண்டு மணி நேரம் தூங்க வைத்திருந்தேன். நள்ளிரவுத் திருப்பலிக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவற விடாதீர்கள். வாசல் ஓரமாக இடம் பிடிப்பதும் நல்லது. மாதா சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது. இப்போதைய கோவில் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயமானது. பனி எங்கே என்று மகள் கேட்டே விட்டாள். ஆச்சி மடியில் இருத்திக் கதை சொன்னார். ரொம்ப ரொம்ப வருசத்துக்கு முன்னாடி ரோமாபுரியில் நல்ல வெயில் காலம், ஆகஸ்ட் 5. எங்கே கோவில் கட்டணும்னு மாதா ஒரு குன்றின்மேல் பனி பெய்யப் பண்ணிக் காட்டினாங்க. அந்தக் கோவில் இன்னும் இருக்கு. பாலன் படுத்திருந்த தொட்டியோட மரத்துண்டுன்னு காலங்காலமா வணங்குறதும் அங்கதான் இருக்கு. இங்கே பெருவிழாவும் அதே ஆகஸ்ட் 5தான். "அப்போ பனி ஒரு தடவை வந்தா போதுமா ஆச்சி?" "போதும் மக்ளே."

திருப்பலியில் வானவர் கீதம் என்ற புகழ்ச்சிப் பாடல் தொடங்கியபோது எல்லா மணிகளும் ஒன்றாக அடித்தன. வெளியே வெடிச்சத்தம். என் தோளில் தூங்கிப்போயிருந்த சின்னவன் கண் திறந்தான். பாலன் சுரூபத்தைக் குருவானவர் கைகளில் ஏந்திக் குடிலுக்குக் கொண்டு போனார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்தில் இடத்திலேயே இருந்தோம். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மா ஒருவர், சமாதானம் சொல்லும் நேரத்தில் எங்களுக்கும் கைகூப்பினார். சின்னவனும் தூக்கக் கலக்கத்தில் கைகூப்பினான்.

வீட்டுக்கு வர மணி இரண்டு. ஆச்சி பஞ்சைப் பிரித்து, பாலனை மகள் கையில் கொடுத்தார். தொட்டியில் வைத்தது அவள்தான். காலையில் ஆப்பமும் கறிக்குழம்பும், தாம்பாளம் நிறைய அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும். அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தட்டு போய் வந்தது. அன்று மாலையே எங்களுக்கு ரயில்.

கிளம்பும்போது ராஜாக்கள் மூவரும் டிவி ஸ்டாண்ட் வரைதான் வந்திருந்தார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடி, ஒட்டகத்தைக் கருப்பட்டிப் பொட்டலத்தில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். சென்னை வந்த பிறகு தினம் ராத்திரி ஆச்சிக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது. "எங்க வந்துட்டாங்க ஆச்சி?" "சோபா கைப்பிடியில நிக்காங்க." "இன்னைக்கு?" "சன்னலுக்குப் பக்கத்துல. மழை பெய்யிதுன்னு கொஞ்சம் ஒதுங்கி நிக்காங்க."

ஜனவரி 6 காலை, ஸ்கூல் வேன் வருவதற்குள் வீடியோ கால் வந்தது. ஆச்சி போனைக் குடிலுக்குக் கிட்டே கொண்டுபோனார். மூன்று ராஜாக்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். மூன்று கால் ஒட்டகம் கேழ்வரகுச் சிரட்டையில் சாய்ந்து நின்றது. புல் வளர்ந்து அதன் கழுத்து வரை வந்திருந்தது. பின்னால் அந்த இடையன் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.