புதுப்பட்டிகளுக்கு நடுவே ஒரு தங்கை

ஜூன் 8, 2025, ஞாயிறு

பிரிந்த உறவுகளைத் தேடித் தரும் எங்கள் தொண்டூழியக் குழு இன்று சிங்கப்பூர் ஈசூனில் கூடியது. 84 வயதுப் பெரியவர் ஒருவர் பழைய வான்கடிதங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். 1952-ல் இவருடைய அம்மாவும் ஐந்து வயதுத் தங்கையும் ரஜுலா கப்பலேறி நாகப்பட்டினம் போனார்கள். துறைமுக வேலையில் இருந்த அப்பாவோடு இவர் இங்கேயே தங்கிவிட்டார். 1968-ல் அப்பா தவறிய பிறகு கடிதப் போக்குவரத்தும் நின்றுபோனது. கையிலிருக்கும் முகவரி: "புதுப்பட்டி, திருச்சி ஜில்லா". புதுப்பட்டி இல்லாத தாலுகா உண்டா?

ஜூன் 14, சனி

கடைசிக் கடிதம் 1967-ல் வந்தது. இந்தியாவில் அஞ்சல் குறியீட்டு எண் வந்ததே 1972-ல்தான். அன்றைய திருச்சி ஜில்லாவும் இன்று ஒரே மாவட்டமாக இல்லை. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது, 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. அரியலூரோ 2001-ல் பிறந்து, கலைக்கப்பட்டு, 2007-ல் மறுபடி பிறந்தது. பழைய ஜில்லாவைக் கொடுத்தால் இன்றைய மாவட்டங்களைக் காட்டும் அட்டவணையை எங்கள் தேடல் நிரலில் சேர்த்தேன். அரசாங்கங்கள் கோடு கிழிப்பதை நிறுத்தினால் எங்களுக்கு வேலை குறையும்!

வாக்காளர் பட்டியலையும் பார்த்தோம். ஆண்களுக்குத் தந்தை பெயர் இருக்கிறது. மணமான பெண்களுக்குக் கணவர் பெயர்தான். கணவர் யாரென்று அண்ணனுக்கே தெரியாதபோது கணினி என்ன செய்யும்?

ஜூன் 15, ஞாயிறு

கடைசிக் கடிதத்தின் அஞ்சல் முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டத்தின் இடப்பாதியில் மை பிடிக்கவே இல்லை. வலப்பக்கம் "குடி" என்று முடிகிறது. லால்குடியா, ஆலங்குடியா?

ஜூன் 20, வெள்ளி

பிரிந்தவர்களைத் தேட மற்றவர்கள் செய்ததை இரவில் படித்துக்கொண்டிருந்தேன். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை மென்பொருளாளர்கள் சம்பளம் வாங்காமல் எழுதிய சஹானா என்ற பேரிடர் நிவாரண மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் இருந்தது. 2018-ல் அமெரிக்க எல்லையில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தபோது, யார் பிள்ளை யார் என்று இணைத்துக் காட்டும் ஒரே பதிவேடு அங்கே இல்லை. அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் எண் போட்டுவைக்கத் தெரியாதா? செஞ்சிலுவைச் சங்கத்தின் ஐரோப்பியத் தேடலில் தேடுகிறவரின் படம்தான் வெளியாகிறது, பெயர் வெளியாவதில்லை. அகதிகள் உறவுகளைத் தேடுவதற்கான ரெஃப்யூனைட் தளத்தில் பெயரை மறைத்து, குடும்பத்தார் மட்டும் அறிந்த அடையாளங்களைப் பதிய முடிந்தது. பட்டப்பெயர், தழும்பு இப்படி.

எங்கள் படிவத்திலோ பிறந்த தேதி கட்டாயம். எழுபது வருடத்துக்கு முந்தைய ஆட்களில் எத்தனை பேருக்குச் சரியான பிறந்த தேதி தெரியும்?

ஜூன் 22, ஞாயிறு

பட்டப்பெயர், குலதெய்வம் என இரண்டு கட்டங்களைச் சேர்த்தோம். பெரியவருக்குத் தொலைபேசினேன். யோசிக்கவே இல்லை: "அடைக்கலம் காத்த அய்யனார், தம்பி. கோயிலுக்குப் பின்னால் ஊருணி இருக்கும் என்று அம்மா சொல்வார்."

ஜூன் 29, ஞாயிறு

நிரல் இரண்டு தாலுகா வரைதான் கொண்டுவந்து விட்டது. மீதியைச் செய்தவர் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் ஆலங்குடிப் பக்கத்து இளைஞர். "இது எங்கள் பங்காளிகள் கும்பிடும் சாமி அண்ணா" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். மாலைக்குள் பதில் வந்தது. தங்கை உயிரோடு இருக்கிறார். ஊரில் அவரை "சிங்கப்பூராத்தா" என்றுதான் அழைப்பார்களாம். பதிவேட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

பெரியவரிடம் இன்னும் சொல்லவில்லை. கிடைத்தவர் சம்மதிக்காமல் தேடியவரிடம் எண்ணைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் விதி.

ஜூலை 2, புதன்

தங்கையின் பேரன் பேசினார். முதல் கேள்வியே, "நிலத்தில் பங்கு கேட்டு வருகிறாரா?" எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயமான கேள்விதான். பாகப்பிரிவினையில் அண்ணன் இல்லாமலே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பெரியவரின் விருப்பம் பேசுவது மட்டுமே என்று படிவத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். ஆத்தாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

சம்மதம் கிடைத்தது, ஆனால் வீடியோ வேண்டாமாம். அண்ணனுக்கு "தங்கச்சி" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அழுகை எதுவும் இல்லை. "கடைசியாக எழுதியது நான். பதில் போடாதது நீ" என்று கறாராகச் சொன்னார் தங்கை. இவர் மறுத்தார். உறையிலிருந்த கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். தங்கை சொன்னதுதான் சரி.