டோர்னியர் 215 பி-5, 1/48 மாடல்: லிக்டென்ஸ்டைன் ஆன்டெனாவும் மூக்குத் துப்பாக்கிகளும், இதுவரை

எடுத்துக்கொண்டது 1/48 அளவு டோர்னியர் 215 பி-5, சுருக்கமாக டூ 215. இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் இரவுச் சண்டை விமானங்களில் ரேடாரோடு முதல் வெற்றியைக் கண்டது இந்த வகைதான். 1941 ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மன் விமானி லூட்விக் பெக்கர் நெதர்லாந்தின் லேவார்டன் தளத்திலிருந்து கிளம்பி, லிக்டென்ஸ்டைன் என்ற ரேடார் கருவி வழிகாட்ட ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தை வீழ்த்தினார். உடல், இறக்கை, எஞ்சின் கூடு எல்லாம் கிட்டில் உள்ளபடியே ஒட்டியாகிவிட்டது. சொல்ல அதில் ஒன்றும் இல்லை. உழைப்பெல்லாம் மூக்கில்தான்.

கிட்டோடு வரும் பிளாஸ்டிக் ஆன்டெனா உறுப்பு 0.6 மி.மீ. தடிமன். 48ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 29 மி.மீ.; தண்ணீர்க் குழாய் மாதிரி நிற்கும். அச்சுக் கோட்டைச் சுரண்டி எடுக்கும்போது மூன்றில் ஒன்று உடையும். அதனால் முழுவதையும் உலோகத்தில் செய்வதென்று முடிவு.

லிக்டென்ஸ்டைன் பி.சி., அதாவது எஃப்.யூ.ஜி. 202, சுமார் 490 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்தது. அலைநீளம் 61 செ.மீ.; மாடலில் 12.7 மி.மீ. வரைபடத்திலிருந்து அளவெடுக்கும்போது இந்த எண்ணைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஏதாவது ஓர் உறுப்பு இதைவிட நீளமாக வந்தால் வரைபடம் தப்பான அளவில் அச்சாகியிருக்கிறது என்று பொருள். பின்னால் வந்த எஸ்.என்.-2 ரேடார் சுமார் 90 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது, அலைநீளம் 3.3 மீட்டர். கலைமான் கொம்பு என்று பெயர் வாங்கிய அந்த நீண்ட கம்பிகளை 1941 விமானத்தில் மாட்டினால் காலமே மாறிப்போகும்.

பி.சி. அமைப்பில் மூக்கிலிருந்து நான்கு தண்டுகள் நீண்டிருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் குறுக்குக் கைகளில் 8 உறுப்புகள், ஆக மொத்தம் 32. மெத்தை என்பது இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர். நான்கு தொகுதிகள் இருந்ததற்குக் காரணம் உண்டு: கருவி இடம்–வலம், மேல்–கீழ் எதிரொலிகளை மாறிமாறி ஒப்பிட்டு இலக்கு எந்தப் பக்கம் என்று காட்டியது. ஒரு தொகுதி கோணினால் நிஜத்தில் திசை தவறும். மாடலில் கண் அதே கோணலை உடனே பிடித்துக்கொள்ளும். சமச்சீர்தான் இங்கே உயிர்.

முதல் முயற்சி தோற்றது. 0.3 மி.மீ. பித்தளைக் கம்பி, வெளிவிட்டம் 0.8 மி.மீ. பித்தளைக் குழாய், 63/37 (வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு) ஈயச் சால்டர், அதாவது பற்றுலோகம், 25 வாட் பற்றவைக்கும் இரும்பு. கை இணைப்புகள் பிரமாதமாக வந்தன. உறுப்புகளைப் பற்றவைக்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. ஓர் இணைப்புக்கும் அடுத்ததற்கும் 3 மி.மீ.தான் இடைவெளி. பித்தளை சூட்டை நன்றாகக் கடத்துவதால், நான்காவதைத் தொடும்போது இரண்டாவது அவிழ்ந்தது. இதைத் தவிர்க்க, மொபைல் ரிப்பேர் சாமான் கடைகளில் கிடைக்கும் 138 டிகிரி பிஸ்மத் பேஸ்ட்டைப் பிந்தைய இணைப்புகளுக்குப் போட்டது இன்னும் மோசமானது. ஈயமும் வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்தால் 96 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும் ஒரு கலவை உருவாகும். பற்றவைக்கத் தடவிய பிளக்ஸ் பசையை வெந்நீரில் கழுவியபோது இரண்டு உறுப்புகள் கழன்று கீழே கிடந்தன.

இரண்டாம் முயற்சியில் இரண்டு மாற்றங்கள். முதல்கட்டக் கை இணைப்புகளுக்கு ஈயமில்லாத சால்டர். வெள்ளி, செம்பு கலந்த வகை, சுமார் 217 டிகிரியில் உருகும். உறுப்புகளுக்கு பிஸ்மத் பேஸ்ட். இடையில் ஈயம் இல்லவே இல்லை, இரும்பின் முனையும் புதிது. பழைய முனையில் ஒட்டியிருக்கும் துளி ஈயம்கூடப் போதும், கதை திரும்ப நடக்கும். இரண்டாவது மாற்றம் கம்பி: பித்தளைக்குப் பதில் பாஸ்பர் வெண்கலம், அதே 0.3 மி.மீ. பித்தளை சூடு பட்டால் தளர்ந்து, தூசி துடைக்கும்போதே வளைந்துவிடும். பாஸ்பர் வெண்கலம் இந்தக் குறைந்த சூட்டில் விறைப்பை இழப்பதில்லை. சுருளிலிருந்து வரும் வளைவை எடுக்க ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைக் குறடால் லேசாக நீளும்வரை இழுத்தால் போதும், நூல் பிடித்த மாதிரி நேராகும். உருட்டி நேராக்கியது எதுவும் அந்த அளவுக்கு வரவில்லை.

உறுப்புகளை இடத்தில் பிடித்து வைக்கும் தாங்கு பலகையான ஜிக்கிற்குச் செம்பு பூசாத கண்ணாடி-எபாக்சி பலகை, 1.6 மி.மீ. பால்சா மரம் கருகும், பிளாஸ்டிக் உருகும். 48இல் ஒரு பங்காகச் சுருக்கிய வரைபடத்தை மேலே ஒட்டி, உறுப்புகள் படுக்கும் இடங்களில் ரம்பத்தால் பள்ளம் கீறி, கம்பிகளை அதில் கிடத்தி, சூடு தாங்கும் கப்டன் டேப்பால் பிடித்தாயிற்று. முடிந்த இணைப்புகள்மேல் ஈரத் திசுத்தாள். பேஸ்ட் ஊசிமுனை அளவு போதும். கூடினால் மணி மாதிரி உருண்டு நிற்கும், அரத்தால் எடுக்கும்போது கம்பி அசையும். இரும்பு 200 டிகிரியில், தொடுவது ஒரு விநாடி. நான்கு தொகுதிகளும் ஒரே ஜிக்கில் வந்ததால் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 0.2 மி.மீ.க்குள்தான். நீளத்தைக் கடைசியில் வெட்டுவதே சரி: கம்பிகளை 2 மி.மீ. கூடுதலாக விட்டு, எல்லாம் முடிந்தபின் ஜிக்கின் விளிம்போடு சேர்த்து வெட்டினால் எல்லாமே ஒரே நீளம்.

மூக்கின் பிளாஸ்டிக் 1.2 மி.மீ. கனம்தான். தண்டைச் செருகினால் தொங்கும். உள்ளே எபாக்சிப் புட்டியை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, பிறகு 0.8 மி.மீ. துளை, ஆழம் 5 மி.மீ. நான்கு தண்டுகளும் விமானத்தின் நடுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். மூக்கு வளைவாக இருப்பதால் கையில் பிடித்துத் துளையிட்டால் வெளிப்பக்கம் விரியும். நான்கு துளை போட்ட 1 மி.மீ. அட்டையைத் தண்டுகளில் நடுவரை கோத்து, 30 நிமிட எபாக்சியில் நிறுத்தினால் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சூப்பர் பசை இங்கே வேண்டாம். நொடியில் இறுகும், பிறகு சிறு தட்டலுக்கே விரிசல் விடும்.

துப்பாக்கிகளுக்கு ஊசிதான். பி-5இல் 7.92 மி.மீ. எம்.ஜி. 17 இயந்திரத் துப்பாக்கி நான்கு, 20 மி.மீ. எம்.ஜி. எஃப்.எஃப். பீரங்கி இரண்டு. 7.92ஐ 48ஆல் வகுத்தால் 0.165, மருந்துக்கடை 30 ஜி (கேஜ்) ஊசியின் உள்விட்டம் 0.16. இருபதை வகுத்தால் 0.417, 22 ஜி ஊசியின் உள்விட்டம் 0.41. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம், எனவே கடைந்த பித்தளைக் குழல் வாங்க வேண்டியதில்லை. ஊசி எஃகு என்பதால் கத்தரித்தால் வாய் நசுங்கிவிடும். வெட்டுத் தகடு பொருத்திய சிறு டிரில்லால் அறுத்து, 1000 எண் உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே கம்பி விட்டுப் பிசிறை எடுக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், துண்டு பறக்கும்.

மேல்நோக்கிச் சாய்ந்த துப்பாக்கிகள் இந்த மாடலில் சேர்க்கப்படவில்லை. ஜெர்மன் விமானி ருடால்ஃப் ஷேனெர்ட் அந்த யோசனையை 1941லேயே முயன்றாலும், சாய்ந்த இசை என்ற பெயரோடு அது படைப்பிரிவுகளில் பரவியது 1943இல். பெக்கரின் காலத்து விமானத்தில் அதற்கு இடமில்லை.

ஸ்பேனர் அகச்சிவப்புக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேடாருக்கு முந்தைய சோதனை அது: மூக்கில் அகச்சிவப்பு விளக்கு, முன்கண்ணாடியைத் துளைத்து வரும் கியூ-குழல் என்ற நோக்குக் குழாய். எட்டிய தூரம் சில நூறு மீட்டர். லிக்டென்ஸ்டைன் 3 கி.மீ.க்கு மேல் பார்த்தது. டோர்னியரின் இன்னொரு இரவுச் சண்டை விமானமான டூ 17 இசட்-10இல் ஸ்பேனர் செய்வோர் விளக்கின் முகப்பைத் தெளிவான வெள்ளையாக விட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடைக்கும் வடிகட்டி அது. கறுப்புக்கு நெருங்கிய அடர்சிவப்பு வார்னிஷ் இரண்டு பூச்சு சரியாக இருக்கும். ஒரே மூக்கில் விளக்கையும் மெத்தையையும் சேர்த்து மாட்டுவதானால், அப்படியே காட்டும் புகைப்படம் கையில் இருக்க வேண்டும்.

வண்ணத்தில் ஒரு சிக்கல். முழுக் கறுப்பு ஆர்.எல்.எம். 22 (ஜெர்மன் விமானத்துறை அமைச்சக வண்ண எண்) அப்படியே அடித்தால் பேனல் கோடுகளும் ஆன்டெனாவும் ஒன்றாக மறைந்துவிடும். 85க்கு 15 என்று அடர்சாம்பல் கலந்தபின் உருவம் தெரிந்தது. உலோகத்தில் நேரடியாக அக்ரிலிக் நிற்காது: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பேஸ்ட் எச்சத்தைக் கழுவி, உலோகத்துக்கான பிரைமரை இரண்டு மெல்லிய மூட்டமாக ஏர்பிரஷ்ஷில் அடித்தாயிற்று. கனமாக அடித்தால் கைகள் சேரும் மூலைகளில் பிரைமர் தேங்கி, உழைத்த மெல்லிசு எல்லாம் போகும்.

மிச்சம் இருப்பது ரேடியோ. எஃப்.யூ.ஜி. 10 தொகுப்பின் வான்கம்பிக்கு 0.06 மி.மீ. எலாஸ்டிக் நூல் எடுத்து வைத்தாயிற்று. மங்கல் வார்னிஷ் காய்ந்த பிறகே கட்ட வேண்டும், முன்பே கட்டினால் வார்னிஷ் துளித்துளியாக நூலில் கோத்து நிற்கும். ரேடியோ இயக்குநர் முன்னால் வரும் மூன்று திரைகளும் பாக்கி: தூரம், கிடைத்திசை, உயரம். மூன்றிலும் புற ஊதா ஒளியில் இறுகும் யு.வி. ரெசின் ஒரு துளி, அடியில் வெளிர்பச்சை.