காப்பக மானியம்: ஒரு லெட்டர்பேடு படுத்திய பாடு

2017-ல், வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தின் பணம் மாநில அரசு வழியாக வரத் தொடங்கியது. மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 30, மீதி 10 நடத்துகிற தொண்டு நிறுவனத்தின் கைக்காசு. எங்கள் காப்பகத்துக்கு முதல் தவணை தொல்லையில்லாமல் வந்துவிட்டது. பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கை அறிக்கை எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். இரண்டாவது தவணைதான் உயிரை வாங்கியது.

“ஒவ்வொரு அம்மாவுக்கும் கம்பெனி லெட்டர்பேடில் வேலைச் சான்று வேணும் மேடம். இல்லாட்டி ஃபைல் நகராது” என்றார் அரசு அலுவலக எழுத்தர். முதல் தவணைக்கு யாரும் கேட்காத காகிதம். எங்களிடம் குழந்தையை விடும் பெண்களில் பாதிப் பேர் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்கு, அதாவது செய்த உருப்படிக்கு இவ்வளவு கூலி என்று, போகிறவர்கள். லெட்டர் கொடுத்தால் நாளைக்கு பி.எஃப். கேட்பார்களோ என்று கம்பெனிக்காரர்களுக்குப் பயம். கேட்கப் போன ஒரு பெண்ணிடம் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றே சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதற்கு நடுவில் சம்பளம் வேறு. அப்போதைய திட்டப்படி பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. அந்தச் சொற்பத் தொகையையும் எப்படி நிறுத்தி வைப்பது? தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தோம்.

கடைசியில் கைகொடுத்தது திட்ட வழிகாட்டி நெறிமுறைதான். தாய் மாதத்தில் குறைந்தது 15 நாளோ வருடத்தில் 6 மாதமோ வேலையில் இருக்க வேண்டும் என்றது அது. அந்த வரியில் லெட்டர்பேடு என்ற பேச்சே இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, வரிக்கு அடியில் கோடு போட்டு, எழுத்தரைத் தாண்டி மேலதிகாரியிடம் கொண்டுபோனேன். கூடவே அம்மாக்களின் கணக்கு நோட்டுகள். எண்ணெய்க் கறை படிந்த தாளில் தேதி, எத்தனை பீஸ், சனிக்கிழமை வாங்கிய கூலி என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். அவர் நாலைந்து நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டினார். “இதன் நகலும் அவங்க கையெழுத்துப் போட்ட உறுதிமொழியும் போதும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது திட்டம் ‘பால்னா’ என்ற பெயரில், மத்திய அரசின் பெண்களுக்கான திட்டத் தொகுப்பான மிஷன் சக்திக்குக் கீழே வந்துவிட்டது. எந்தத் திட்டமானாலும் சரி, நெறிமுறையை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். புதிதாக ஒரு காகிதம் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் டிரஸ்ட் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. அப்புறம், எதைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு சீல் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.