தனியா ஒரு நாள் மெட்ராஸ்

கல்யாணமாகி 14 வருஷத்துல மொத தடவையா புள்ளைங்க, வீட்டுக்காரர், டிபன் பாக்ஸ் எதுவும் இல்லாம தனியா மெட்ராஸ் போயிட்டு வந்தேன்பா. செங்கல்பட்டுல காலைல எலக்ட்ரிக் ட்ரெயின், லேடீஸ் பெட்டில ஜன்னல் சீட்டு, தாம்பரத்துல கூட்டம் ஏறி மூச்சு முட்டுச்சு, ஆனா "அம்மா பாத்ரூம் வருது"ன்னு சொல்ல பக்கத்துல ஆளில்ல, அதுவே சொர்க்கம் 😄

எழும்பூர்ல எறங்கி நடந்தே மியூசியம். 1851ல ஆரம்பிச்சது. ஸ்கூல் டூர்ல வந்தப்ப திமிங்கல எலும்பப் பாத்துட்டு ஓடுனதுதான் ஞாபகம். இந்த தடவ நேரா வெண்கலச் சிலைங்க பக்கம் போயிட்டேன். திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர், 11ஆம் நூற்றாண்டு, அது முன்னாடி அரை மணி நேரம் நின்னிருப்பேன். வலது பக்கம் சிவனுக்கு ரெண்டு கை, இடது பக்கம் அம்மாவுக்கு ஒரே கை. அந்த ஒத்தக் கைய வச்சுதான் எல்லா வேலையும் பாத்திருப்பா போல, நம்மள மாதிரி. வாட்ச்மேன் வேற ரெண்டு தடவ வந்து என்னைய ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு.

மதியம் ஒரு மெஸ்ல சாப்பாடு, சுமார்தான். ஆனா சூடா இருக்கும்போதே சாப்ட்டேன்ல!

சாயங்காலம் மெரினால காந்தி சிலைக்குப் பின்னாடி ஒக்காந்து தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல், யாருக்கும் பங்கு குடுக்காம. சரியா அப்ப போன் வருது, "குக்கர் வெயிட்டு எங்க வச்ச?"

"தேடுங்க, கெடைக்கும்"னு சொல்லி வச்சுட்டு இன்னொரு பொட்டலம் வாங்கிட்டேன்.