டெனேரிஸ் ஒரே நாளில் மாறவில்லை

கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடர், 8ஆவது சீசன், 5ஆவது எபிசோடு. எதிரியின் தலைநகரில் சரணடைவு மணி அடித்த பிறகும், அரியணைக்காகப் போரிடும் டெனேரிஸ் தன் டிராகனால் நகரை எரிக்கிறாள். இது திடீர் மாற்றம் என்று ரசிகர்கள் பலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. 4ஆவது சீசனிலேயே மீரீன் நகரில் அடிமைகளை வைத்திருந்த 163 எஜமானர்களை விசாரணையே இல்லாமல் சிலுவையில் அறைந்தாள். எஜமானர்கள் அடிமைக் குழந்தைகளைக் கொன்றதற்குப் பழிவாங்கல் அது. அந்தக் கொலையை எதிர்த்துப் பேசியவர் என்று மீரீன் பிரபு ஹிஸ்டார் சொல்லும் அவன் அப்பாவும் அதில் ஒருவர். செத்தவர்கள் கெட்டவர்கள் என்று நாமும் கைதட்டினோம். 7ஆவது சீசனில் தனக்கு மண்டியிட மறுத்த பிரபு டார்லியை எரித்தாள், கூடவே அவர் மகனையும்.

சொதப்பியது வேகம்தான். முதல் ஆறு சீசனுக்கும் தலா 10 எபிசோடு, கடைசிக்கு வெறும் 6. அவளுடைய டிராகன் ரேகலும் நெருங்கிய தோழி மிஸ்ஸாண்டேயும் செத்த அடுத்த எபிசோடிலேயே நகரம் எரிகிறது. அந்தத் துக்கம் வெறியாக முற்ற இன்னும் இரண்டு எபிசோடாவது கொடுத்திருக்க வேண்டும். மணி அடித்தபின் டெனேரிஸுக்கு வசனமே இல்லை. மொத்த பாரத்தையும் டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க்கின் முகம்தான் சுமக்கிறது, அபாரமான நடிப்பு.